டம்மி காலண்டர் குறிச்ச கல்யாணம்

சிவகாசியில ஒரு அச்சாபீசுல எனக்கு டம்மி செய்யுற வேலை. வெளியூர்ல இதைச் சொன்னா சிரிப்பாக. "அப்ப நெசமான வேலையை யாரு செய்யுறா?"ன்னு ஒருத்தரு என் மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேங்கிறதை இங்க எழுத முடியாது. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், அது ஊரறிஞ்ச விசயம். ஆனா டம்மி இல்லாம எங்க ஊர்ல ஒரு தாள் மிசின்ல ஏறாது. டைரி ஆர்டர் வந்தா மொதல்ல வெள்ளைத்தாள்ல அதே அளவுல, அதே கனத்துல ஒண்ணு செஞ்சு காட்டணும். பட்டாசுப் பெட்டின்னா அச்சடிக்காத அட்டையை வெட்டி, மடிச்சு, ஒட்டி, உள்ள சரக்கு எப்படி உக்காரும்னு பாக்கணும். நான் ஒட்டின டம்மியை முதலாளி மேசையில வச்சா, ஆர்டர் குடுக்க வந்தவுக அதை எடுத்துத் தடவிப் பாப்பாக. தடவுற தடவல்லயே தெரிஞ்சுரும், ஆர்டர் உறுதியா இல்லையான்னு.

அந்த வார்த்தை எங்க பக்கத்துல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பட்டாசுக் கடையில கண்ணாடிக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்கிற பெட்டி எல்லாம் டம்மி, உள்ள மருந்து கிடையாது. ஏஜெண்டுமாரு பஸ்லயும் ரயில்லயும் தூக்கிட்டுப் போற சரமும் டம்மி, மருந்துக்குப் பதிலாக் களிமண்ணு. எலெக்சன் வந்தா டம்மி வேட்பாளர். ஆபீசுல ஒப்புக்குச் சப்பாணியா உக்காந்திருக்கிறவரு டம்மி மேனேஜர். சண்டையில ஒருத்தனை மட்டந்தட்டணும்னா "போலே டம்மி பீசு", அதோட அவன் கதை முடிஞ்சுது. போலி, மாதிரி, ஒப்புக்கு, வெறுங்கூடு, இம்புட்டுக்கும் சேத்து ஒத்தை வார்த்தை வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிருச்சு.

நான் தபால்ல பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவ. சும்மா இருப்பேனா? ஆபீசுல புரூஃப் பாக்குறவரு மேசையில ஒரு தடி அகராதி கிடக்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல அதைப் புரட்டினேன். ஊமைங்கிற அர்த்தம் உள்ள வார்த்தையில இருந்துதான் டம்மி பொறந்துச்சாம். மொதல்ல வாய் பேசாத ஆளுக்கு அந்தப் பேரு. பெறகு நாலு பேர் ஆடுற ஒரு சீட்டாட்டத்துல நாலாவது ஆளு வரலைன்னா, அவரு சீட்டை மேசையில விரிச்சு வச்சுட்டு மத்தவுக ஆடுவாகளாம். அந்த வராத ஆளுக்கும் டம்மின்னு பேரு வந்துச்சு. அதுக்குப் பெறகு தையக்கடையில சட்டை மாட்டி நிக்கிற பொம்மை. சீமையில பச்சப்பிள்ளை அழாம இருக்க வாயில வைக்கிற ரப்பர் காம்புக்கும் அதே பேருதான். பால் வராது, பிள்ளை பாட்டுக்குச் சப்பிக்கிட்டுக் கிடக்கும். ஏமாத்துறதுன்னு அந்த வார்த்தைக்கு மொதல்ல அர்த்தமே இல்லைன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே சந்தோசம். ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல இன்னொண்ணு பேசாம நிக்குது, அம்புட்டுத்தான். நான் தனியாச் சிரிக்கிறதைப் பாத்துட்டுப் பைண்டிங் அக்கா, "என்ன புள்ள, மாப்பிள்ளை கிடைச்சுட்டாரா?"ன்னு கேட்டாக. அப்ப கிடைக்கல.

கிடைச்ச கதைதான் இது. ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருசம், ஒவ்வொருத்தர் கையிலயா செல்போன் எட்டிப் பாக்க ஆரம்பிச்ச நேரம். எங்க தொழில்ல அடுத்த வருசக் காலண்டருக்கு ஆடி மாசமே மாதிரி வெளிய வந்துரணும். ஆடிப்பெருக்குக்குப் பூசை போட்டு ஏஜெண்டுமாரு கையில குடுத்துருவோம். ஆனா அடுத்த வருசத் தேதித்தாள் அப்ப அச்சாகியிருக்காது. அதனால படம் போட்ட அட்டைக்கு அடியில, நடப்பு வருசத்துல மிஞ்சிப்போன தேதிக்கட்டை ஒட்டி, மேல மட்டும் புது வருசம் போட்ட தாள் ஒண்ணை வச்சிருவோம். பாக்குறவுகளுக்கு வேண்டியது படமும் அளவும் கனமும்தான். உள்ள இருக்கிற தேதியைத் தூக்கிப் பாக்க யாருக்கு என்ன வந்துச்சு?

அந்த வருசம் செஞ்ச டம்மியில ஒரு அம்மன் படம் அம்புட்டு அழகு. மூக்குத்தி மட்டும் தனியா மின்னும். வேலை முடிஞ்சதும் முதலாளி "வேணும்னா எடுத்துட்டுப் போம்மா"ன்னாரு. எங்க வீடு இருக்கிற தாயில்பட்டிக்குப் பஸ்ல அதை மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன். எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில தாள் குழாய் உருட்டுற வேலைக்குப் போகும். சாயங்காலம் வந்து பாத்துட்டு, கை கழுவி, சாமி படங்களுக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டி, குங்குமமும் வச்சிருச்சு. "அது டம்மிம்மா"ன்னு சொன்னேன். "சாமியில என்னடி டம்மி"ன்னு ஒரே போடாப் போட்டுருச்சு. அதுக்கு மேல என்னத்த பேச?

கார்த்திகை கடைசியில விருதுநகர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வீடு பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ளை வத்தல் மண்டியில வேலை. சட்டையைத் துவைச்சுப் போட்டு வந்திருந்தாலும் மிளகாய் நெடி விடல. வீட்டுக்குள்ள வந்ததும் எங்கப்பா தும்மினாரு, தரகர் தும்மினாரு, காப்பியோட வந்த நானும் தும்மினேன். பொண்ணு பாக்குற சடங்கு தும்மல்லயே ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னால வந்தவுக எல்லாம் "கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுருவீகள்ல?"ன்னுதான் கேட்டுருக்காக. இவரு மட்டும், "டம்மி எப்படிச் செய்வீக?"ன்னு கேட்டாரு. நான் ஒரு தாளை எடுத்து அங்கனயே மடிச்சு ஒரு பெட்டி செஞ்சு காட்டினேன். மூடித் திறந்து, மூடித் திறந்து பாத்துட்டு அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. எனக்கு இவருதான்னு அப்பவே மனசுல விழுந்துருச்சு. வெக்கமில்லாமச் சொல்றேன், ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பயமெல்லாம் கூட வந்த அவரு அம்மாவை நினைச்சுத்தான். தரகர் முன்னாடியே எங்க காதுல போட்டு வச்சிருந்தாரு. "அந்தம்மா பஞ்சாங்கம் பாக்காம எண்ணெய் தேச்சுக் குளிக்காது. பையனுக்கு மூணு எடம் கூடி வந்து, நாளு சரியில்லை, நச்சத்திரம் சரியில்லைன்னு அதுவே தட்டிவிட்டுருச்சு. பாத்து நடந்துக்கோங்க." அதனால வாயைத் திறக்கவே கூடாதுன்னு எங்கம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்காத குறை.

பொருத்தம் ஏற்கனவே பாத்தாச்சு. பேசி முடிச்சாச்சு. நாள் குறிக்கிறது மட்டும் பாக்கி. மறுநாள் மார்கழி பொறக்குது, மார்கழியில நல்ல காரியம் பேச மாட்டாக. தை பொறக்குற வரைக்கும் தள்ளிப்போட ரெண்டு வீட்டுக்கும் மனசில்லை. "இப்பவே நாளைக் குறிச்சிருவோம். வீட்டுல பஞ்சாங்கம் இருக்கா?"ன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாக. எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கல. "பஞ்சாங்கம் என்னத்துக்கு மதினி? அடுத்த வருசக் காலண்டரே இங்கன தொங்குது. எம்மக கையால செஞ்சது"ன்னு எந்திரிச்சுப் போயி, தாளைத் தூக்கித் தூக்கிப் பாத்து, "தை இருபத்தொண்ணு, முகூர்த்தம்னு போட்டிருக்கு"ன்னு சொல்லிருச்சு. மாப்பிள்ளையோட அம்மா ஒரு நிமிசம் யோசிச்சாக. பெறகு, "நாட்டுக்கே காலண்டர் போடுற ஊருக்காரவுக. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னாக. வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. அடுப்படியில ரெண்டாவது தடவை காப்பி ஆத்திக்கிட்டிருந்த என் காதுல தேதி மட்டும் விழுந்துச்சு. எந்தக் காலண்டர்ங்கிறது விழல.

அதுக்குப் பெறகு நடந்ததெல்லாம் அதிசயம். தை மாசம் எங்க பக்கம் கல்யாண மண்டபம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. எங்கப்பா லோடு வண்டி ஓட்டுறவரு, போற வழியில சும்மா ஒரு மண்டபத்துல விசாரிச்சாரு. "அன்னைக்குக் காலியாத்தான் கிடக்கு, தாராளமா எடுத்துக்கோங்க"ன்னு சாவியை எடுத்து நீட்டாத குறையாச் சொல்லிட்டாக. சமையக்காரர், "அன்னைக்கு எனக்கு வேற வேலையே இல்லை, நானே நேரா நின்னு செஞ்சு குடுக்கேன்"னாரு. மேளக்காரவுக, "நாங்க வீட்டுலதான் இருப்போம்"னாக. தை மாசத்துல வீட்டுல இருக்கிற மேளக்காரரை யாராவது பாத்துருக்கீகளா? நாங்க அப்பவாவது யோசிச்சிருக்கணும். எங்கம்மா என்னடான்னா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. "நல்ல நேரம் கூடி வந்தா எல்லாம் தானா அமையும். எம்மக ராசி அப்படி."

பத்திரிகை எங்க ஆபீசுலதான் அடிக்கிறதா ஏற்பாடு. மார்கழி கடைசியில ஒரு நாள், கம்ப்யூட்டர்ல எழுத்துக் கோக்குற பையன் புரூஃபைக் கொண்டு வந்து என் முன்னால வச்சுட்டு, நகராம நின்னான். "அக்கா, உங்க பக்கம் செவ்வாக்கிழமை கல்யாணம் வைப்பாகளா?"

"செவ்வாயோ வெறுவாயோன்னு சொல்லுவாக, எவன் வைப்பான்? ஒழுங்காப் பாருலே. உன் கம்ப்யூட்டர்ல கோளாறு இருக்கும்"னு விரட்டினேன். அவன் சுவத்துல தொங்கின புதுக் காலண்டரைக் கழட்டிக் கொண்டு வந்து குடுத்தான். அது நெசக் காலண்டர். தை இருபத்தொண்ணு, செவ்வாக்கிழமை. அடியில தேய்பிறை அஷ்டமி. முகூர்த்தம்ங்கிற பேச்சே இல்லை. எங்க வீட்டுச் சுவத்துல தொங்குற தேதிக்கட்டு நான் ஒட்டினதுதானே, அது எந்த வருசத்துதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? போன தையில அது திங்கக்கிழமை, வளர்பிறை, நல்ல முகூர்த்தம். இந்தத் தையில செவ்வாய், அஷ்டமி. மண்டபம் ஏன் காலியாக் கிடந்துச்சு, மேளக்காரர் ஏன் வீட்டுல இருந்தாருங்கிறது எல்லாம் அப்பத்தான் உறைச்சுது. விழுந்து விழுந்து சிரிச்சேன். பெறகு அந்தம்மா ஞாபகம் வந்துச்சு, சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. மூணு எடத்தைத் தட்டிவிட்டவுக நாலாவதை விடுவாகளா?

வீட்டுக்கு வந்து சொன்னா எங்கம்மா நம்பல. "காலண்டர் பொய் சொல்லுமாடி? அம்மன் படம் போட்டது"ன்னுச்சு. டம்மியைக் கழட்டி, மேல ஒட்டின புதுத்தாளைத் தூக்கி, அடியில இருந்த வருசத்தைக் காட்டினேன். அப்படியே தரையில உக்காந்துருச்சு. "வெண்ணெய் திரண்டு வாரப்ப தாழி உடைஞ்சாப்ல ஆச்சே. நானே என் வாயால உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனே"ன்னு அழ ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, யார் மேலன்னுதான் தெரியல. அப்பா மட்டும் சட்டையை மாட்டிக்கிட்டு, "பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னால தெரிஞ்சுச்சே, அதுவே போதும். கிளம்புங்க, நேர்ல போயி உள்ளதைச் சொல்லிருவோம். மறைச்சு ஒரு கல்யாணம் பண்ண வேண்டாம்"னாரு.

நானும் வருவேன்னு ஒத்தைக்கால்ல நின்னேன். கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு அம்மா. சரி, தெருமுனைக் கோயில்ல உக்காந்திருக்கேன்னு பேசி முடிச்சுப் போனோம். விருதுநகர்ல இறங்கினதும் காத்துலயே வத்தல் வாசம். அவுக ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள போயிட்டாக. நான் கோயில் படியில உக்காந்து சாமிகிட்டச் சண்டை பிடிச்சுக்கிட்டிருந்தேன். மத்த மூணு பேரைத் தட்டினது கிடக்கட்டும், என்னையத் தட்ட விட்டுறாதன்னு. அப்ப ஒரு சைக்கிள் வந்து நின்னுச்சு, பாத்தா மாப்பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரு. என்னைப் பாத்ததும் அவருக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. விசயத்தைச் சொன்னேன். டம்மி காலண்டர்னு சொன்ன எடத்துல சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு.

"சிரிக்கீக. உங்கம்மா வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீக?"ன்னு கேட்டேன்.

சிரிப்பு நின்னுருச்சு. "இதுவரைக்கும் அம்மா பேச்சைத் தட்டுனதில்லை"ன்னாரு. சைக்கிள் பெல்லைத் தடவினாரு. "இந்தத் தடவை தட்டணும்."

அவரு வீட்டுக்குள்ள போகுறதுக்குள்ள எங்க அப்பாவும் அம்மாவும் வெளிய வந்துட்டாக. அம்மா மூஞ்சியில நம்ப முடியாத ஒரு முழி. உள்ள நடந்ததை அப்பாதான் சொன்னாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தம்மா கோவமே படலையாம். பஞ்சாங்கத்தைக் கையில எடுத்து, தாளைத் தேடாம நேரா அந்தப் பக்கத்தைத் திறந்து, "ரெண்டு நாளு முன்னால ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்கு. அன்னைக்கு ஊருல ஒரு மண்டபம் காலியா இருக்காது. தாலியைக் கோயில்ல கட்டிருவோம். சாப்பாட்டைச் செவ்வாக்கிழமை மண்டபத்துல போட்டுருவோம். சாப்பாட்டுக்கு ஏது மதினி அஷ்டமி?"ன்னாகளாம். எங்கம்மா திரும்பி வர்ற வழியெல்லாம் "சாப்பாட்டுக்கு ஏது அஷ்டமி"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. நான் பஸ் சன்னல்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு யாருக்கும் தெரியாம அழுதேன், சந்தோசத்துலதான்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை கோயில்ல எங்க ரெண்டு வீட்டு ஆளுக மட்டும் நிக்கத் தாலி கட்டினாரு. செவ்வாக்கிழமை மண்டபத்துல கூட்டம்னா கூட்டம். தை மாசத்துல ஒவ்வொருத்தரும் ஒரே நாள்ல நாலு கல்யாணத்துக்கு ஓடி, ஒரு வாய் பாயாசத்தோட அடுத்த எடத்துக்குப் பறப்பாக. அன்னைக்கு எங்கேயும் கல்யாணம் இல்லை. வந்தவுக எல்லாம் சாவகாசமா உக்காந்து, ரெண்டு தடவை ரசம் வாங்கி, மத்தியானம் மண்டபத்துலயே படுத்துத் தூங்கி எந்திரிச்சு, சாயங்காலக் காப்பியும் குடிச்சுட்டுப் போனாக. மேளக்காரவுக யாருக்கும் அவசரம் இல்லாம வாசிச்சு அமர்க்களப்படுத்திட்டாக. தாயில்பட்டிக் கல்யாணத்துல வெடிக்குப் பஞ்சமா? தெரு முழுக்கச் சிவப்புத் தாள் கணுக்கால் வரைக்கும் கிடந்துச்சு. எங்க ஆபீசு ஆளுக மேடைக்கு வந்து, "ஞாயித்துக்கிழமைதான் டம்மி, இதுதான் ஒரிஜினல்"னு கேலி பண்ணினாக. எங்க பெரியப்பா ஒருத்தரு, "தாலி கட்டுறதைப் பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்"னு அடம்பிடிச்சதால நாங்க மாலையை மட்டும் மறுபடியும் மாத்திக் காட்டினோம்.

கடைசிப் பந்தியில எனக்குப் பக்கத்துல எங்க அத்தை, அதான் அவரு அம்மா, வந்து உக்காந்தாக. என் மனசுல அன்னைக்குப் பூரா ஒண்ணு குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வாய் சும்மா இருந்தாத்தானே. "அத்தை, அன்னைக்கு எங்கப்பா அம்மா வந்து சொன்னப்ப உங்களுக்குக் கோவமே வரலையா?"ன்னு கேட்டுட்டேன்.

அத்தை இலையைப் பாத்துக்கிட்டே சொன்னாக. "உன்னையப் பாத்துட்டுப் போன அன்னைக்கே வீட்டுல பஞ்சாங்கத்தைத் திறந்து பாத்துட்டேன். செவ்வாக்கிழமை, அஷ்டமி. எல்லாம் எனக்குத் தெரியும்."

எனக்குக் கையில இருந்த சோறு இலையில விழுந்துருச்சு. "பின்ன ஏன் சொல்லலை?"

"சொல்லி, பேச்சு வளந்து, இதுவும் முறிஞ்சு போச்சுன்னா? முன்னால மூணு பொண்ணையும் நான்தான் வேண்டாம்னேன். ஒவ்வொரு தடவையும் எம்மகன் சரிம்மான்னுட்டு, சோத்தைத் தின்னுட்டு மண்டிக்குப் போயிருவான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். கேட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். உன்னையப் பாத்துட்டுத் திரும்பி வாரப்ப வேன்ல, நீ செஞ்சு குடுத்த தாள் பெட்டியை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே வந்தான். நான் அதைப் பாத்துட்டேன். பஞ்சாங்கத்தை மூடி வச்சுட்டேன்."

"நாங்களா வந்து சொல்லாட்டி என்ன செஞ்சிருப்பீக அத்தை?"

"மார்கழி முழுக்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், நீங்க வருவீகளா வருவீகளான்னு. வரலைன்னா?" அத்தை அப்பளத்தை ஒடிச்சு என் இலையில பாதியை வச்சாக. "செவ்வாக்கிழமையே கட்டியிருப்பான். கட்டுன்னு நானே சொல்லியிருப்பேன்."